நிறுத்தச் சொன்னவர்தான் 'சரி' சொல்ல வேண்டும்

மெதுவக்கா இன்ஜின் ஓட்டினால் ஆமைக்கே கொட்டாவி வரும் என்று யார்டில் ஒரு பேச்சு உண்டு. முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "வேகமா போய் என்னத்தை அள்ளப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போவாள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவள் மெதுவக்கா.

ஷெட்டில் இன்ஜின் துடைக்கும் வேலைக்கு வந்தவள். துடைத்த இன்ஜினையே ஓட்டுகிற இடத்துக்கு வருவதற்குள் கைகளில் ஏறிய எண்ணெய்க் கருப்பு இன்றும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. அம்மா போனபோது தம்பிக்குப் பால் பல்கூட விழவில்லை. அவனை வளர்த்து ஆளாக்கி, அதே யார்டில் கொக்கி மாட்டும் வேலைக்குச் சேர்த்துவிட்டு, கல்யாணமும் செய்து வைத்தாள். அதற்குள் தனக்கென்று ஒரு கல்யாணம் வேண்டும் என்பதை மறந்துபோனாள். "மறக்கலைடா, மெதுவா பண்ணிக்கலாம்னு இருந்தேன்" என்று தம்பியிடம் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

அவர்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சரக்கு வண்டி வந்து நிற்கும். அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, இந்த வேகன் இந்த லைனுக்கு, அந்த வேகன் அந்த லைனுக்கு என்று தள்ளி, புது வண்டியாகக் கோர்க்க வேண்டும். தள்ளுவது இன்ஜின். கோர்ப்பது, இரண்டு வேகனுக்கு நடுவில் குனிந்து புகுந்து கொக்கி மாட்டும் ஆள். இன்ஜினில் இருப்பவருக்கு அந்த ஆள் தெரிய மாட்டான். நடுவில் ஒரு தெரு நீளத்துக்கு இரும்பு நிற்கும். அதனால் இன்ஜின்காரருக்குக் கண் காதில்தான். கொக்கிக்காரர் "வா" என்றால் வர வேண்டும், "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும்.

முன்பு கொடியும் விசிலும் இருந்தன. பிறகு ஆளுக்கு ஒரு போன் கொடுத்தார்கள். செங்கல் கனத்துக்கு இருக்கும். பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பட்டன். அதை அழுத்திப் பேசினால், அந்த நேரத்தில் அந்த யார்டின் எல்லைக்குள் யார் யார் நிற்கிறார்களோ அத்தனை பேர் போனும் மணியடிக்காமல் தானே திறந்துகொள்ளும். இன்னாருக்கு என்று கூப்பிட முடியாது. மழை மாதிரி; தெருவில் நிற்கிறவன் நனைவான், வீட்டுக்குள் இருக்கிறவன் நனைய மாட்டான். யார்டு இரண்டு, மேல்யார்டு, கீழ்யார்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டவர். மேல்யார்டில் நின்றால் போனின் மூலையில் 'மேல்' என்று சின்னதாக எழுத்து வரும். சரிவில் இறங்கித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் அது 'கீழ்' என்று மாறும். மேல் பேசுவது கீழே கேட்காது. கீழ் பேசுவது மேலே கேட்காது.

இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். புத்தகத்திலும் உண்டு, அதைவிட அவர்கள் ரத்தத்தில் உண்டு. யாராவது "நிறுத்து" என்று சொல்லிவிட்டால் எல்லா இன்ஜினும் நிற்க வேண்டும். எல்லா வாயும் மூட வேண்டும். சொன்னவரே "சரி" என்று சொல்லும்வரை ஒருவரும் மூச்சு விடக்கூடாது. இரண்டு பேர் சேர்ந்து பேசி, அந்தக் குழப்பத்தில் ஆள் போன கதைகள் நிறைய இருந்ததால் வந்த சட்டம். நிறுத்தச் சொன்னவர்தான் 'சரி' சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் வண்டி நகராது.

ஓட்டைப்பல்லர் என்று ஒரு கொக்கிக்காரர் இருந்தார். பல வருஷம் கீழ்யார்டில் மெதுவக்காவோடு வேலை செய்தவர். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு பென்சில் போகிற சந்து. பேசினால் காற்று அந்த வழியாகப் போய் லேசாக விசிலடிக்கும். எல்லோரும் வெறுமனே "சரி" என்று சொல்வார்கள். அவர் மட்டும் "சரி, பொழச்சுப் போங்க" என்பார். ஏதோ தான் மன்னித்துவிட்டதால்தான் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்பது போல ஒரு தோரணை. மெதுவக்கா அதைக் கேட்டு இன்ஜினில் தனியாகச் சிரித்துக்கொண்டு வண்டியை எடுப்பாள். பிறகு அவரை மேல்யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தம்பியும் அங்கேதான் இருந்தான். தொழிலை அவனுக்குக் காட்டிக் கொடுத்தவரும் அவரே.

மேல்யார்டில் தொட்டி லைன் என்று ஒரு பழைய லைன் உண்டு. மேல்யார்டுக்குச் சொந்தமானது, ஆனால் வளைந்து வளைந்து சரிவில் இறங்கி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வந்து முடியும். ஒரு நாள் காலை மெதுவக்கா கீழ்யார்டில் வண்டி தள்ளிக்கொண்டிருந்தபோது போன் திறந்தது. "நிறுத்து!" ஓட்டைப்பல்லர் குரல்.

அவள் நிறுத்தினாள். வாயை மூடிக்கொண்டாள். மனுஷன் எப்போது கீழே வந்தார் என்று ஆச்சரியப்பட்டாள். குரல் கேட்கிறது என்றால் ஆள் எல்லைக்குள் இருக்கிறார். இத்தனை வருஷமாக அப்படித்தான். ஜன்னலில் தலையை நீட்டித் தன் வேகன்களின் வரிசையைப் பார்த்தாள். எந்த இடைவெளியில் இருந்து அந்தப் பல் தெரியும் என்று தேடினாள். ஒருவரும் தெரியவில்லை. கீழ்யார்டு முழுவதும் கல்லாகச் சமைந்து நின்றது. அவள் 'சரி, பொழச்சுப் போங்க'வுக்காகக் காத்திருந்தாள். சட்டப்படி, ஒழுங்காக, ஒரு வார்த்தை பேசாமல்.

அவர் மேல்யார்டு ஆள். மேல்யார்டு லைனில், மேல்யார்டு இன்ஜினுக்கு முன்னால் நின்றிருந்தார். போன் மட்டும் கீழ்யார்டில் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தபோது அது கீழ் டவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அவர் கடைசியாகக் கத்தியது, நிறுத்த வேண்டிய வண்டியைத் தவிர மற்ற எல்லா வண்டியையும் நிறுத்தியது.

யார்டு மாஸ்டர் நேரில் வந்து, "நகருங்க, உத்தரவு" என்று சொன்ன பிறகுதான் அவள் வண்டியை எடுத்தாள். அவர் நிறுத்தச் சொன்னவர் இல்லையே என்று அப்போதே மனதில் ஒரு முள் குத்தியது.

அதிகாரிகள் கருவிகளோடு வந்து நடந்து நடந்து அளந்தார்கள். டவரின் முகத்தைத் திருப்பினார்கள். தொட்டிக்குக் கீழே ஒரு வெள்ளைக் கல் நட்டு, இனி இதுதான் எல்லை, இதற்கு மேலே மேல்தான் என்றார்கள். கொக்கி மாட்டக் குனிவதற்கு முன்னால் போனில் என்ன எழுத்து என்று பார்க்க வேண்டும் என்று புது விதியும் வந்தது. ஓட்டைப்பல்லரின் வாக்கியத்தை அதற்குப் பிறகு யார்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை.

மேல்யார்டு இன்ஜின்காரரை மாப்பிள்ளை என்பார்கள். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு வருவார் என்பதால் வந்த பெயர். நீண்ட விடுப்புக்குப் பிறகு கசங்கிய சட்டையோடு திரும்பி வந்தவர், ஒரு நாள் சரிவில் இறங்கி மெதுவக்காவைத் தேடி வந்தார். இன்ஜின் படியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைக்கா. சத்தியமா கேக்கலை."

"தெரியும்பா."

"உங்களுக்குக் கேட்டுச்சாமே. எப்படிச் சொன்னாரு?"

அவள் துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். அவர் படியை விட்டுவிட்டுச் சரிவில் ஏறிப் போய்விட்டார். அன்று இரவு சோறு இறங்கவில்லை அவளுக்கு.

பிறகுதான் அது ஆரம்பித்தது. வெள்ளைக் கல் பக்கமாக இன்ஜின் வரும்போது சில நாள் போன் தானே திறக்கும். யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள் என்று திரை காட்டும். பேச்சு மட்டும் வராது. கூர்ந்து கேட்டால் மூச்சு கேட்கும். ஓடிவந்து நின்றவரின் மூச்சு. பின்னால் வெயிலில் சூடேறும் இரும்பின் டிக், டிக். அவள் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். பிறகு வந்த மாதிரியே அது அடங்கிவிடும்.

போன் பழுது பார்க்கிறவர் வந்து பார்த்தார். "யாராச்சும் பாக்கெட்ல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, பட்டன் அமுங்கியிருக்கும்" என்றார். நியாயமான பேச்சுதான். கீழ்யார்டில் எல்லோரும் எழுந்து நின்று பாக்கெட்டைக் காட்டிய பிறகும் அது திறந்தது என்பது வேறு விஷயம். வீட்டில் தம்பியிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "பேய்க்கு ரீசார்ஜ் யாருக்கா பண்றது?" என்றான். அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை. மெதுவக்காவும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அந்த வாரம்தான் அவனைத் தொட்டி லைனுக்குப் போட்டிருந்தார்கள்.

"குனியறதுக்கு முன்னாடி எழுத்தைப் பாக்குறியாடா?"

"பாக்குறேன், பாக்குறேன்."

"ரெண்டு தடவை சொன்னா ஒரு தடவைகூட பாக்கலைன்னு அர்த்தம்."

"அக்கா, அதான் கல்லு நட்டுட்டாங்களே."

கல்லுக்கு என்ன தெரியும்? அவள் இன்ஜினில் உட்காரும்போதெல்லாம் ஒரு காது சொந்த வேலைக்கும் ஒரு காது சரிவுக்குமாக இருந்தது. தம்பி எப்போதாவது கத்தினால், அந்தக் கத்தல் வழி தவறிக் கீழே வந்து விழுந்தால், அதைப் பிடிக்க இந்த இருக்கையில் தான் இருக்க வேண்டும் என்று நம்பினாள். இதனால் அவளுடைய மெது இன்னும் மெதுவானது. வண்டிகள் தாமதமாயின. யார்டு மாஸ்டர் ஒரு நாள் அறைக்குக் கூப்பிட்டார்.

"காரணமில்லாம இன்னொரு தடவை நிறுத்தினீங்கன்னா ஸ்டோர்ல உக்கார வச்சிடுவேன். மின்விசிறிக்குக் கீழ, நிம்மதியா. எனக்கும் நிம்மதி."

மற்றவர்களுக்கு அது பரிசு. அவளுக்குத் தண்டனை. ஸ்டோரில் போன் கிடையாது.

அந்த நேரத்தில் கீழ்யார்டுக்குக் கொக்கி மாட்டப் புதிதாக ஓர் ஆள் வந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பஸ் கம்பெனி மூடியதால் இங்கே வந்தவர். நடுவயது, பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த வாய். வேகனுக்கு நடுவிலிருந்து வெளியே வந்ததும் பழக்க தோஷத்தில் "போலாம், ரைட்!" என்று கத்திவிடுவார். யார்டு மாஸ்டர் எத்தனையோ முறை திட்டியும் நாக்கு திருந்தவில்லை. எல்லோரும் கண்டக்டரே என்று கூப்பிட்டார்கள்.

அன்று காலை மூடுபனி. இன்ஜின் ஜன்னலில் இருந்து பார்த்தால் சொந்த வேகன்களில் முதல் இரண்டு மட்டும் தெரிந்தன, மீதி எல்லாம் வெள்ளை. கண்டக்டர் கொக்கி மாட்டி முடித்து வெளியே வந்து இன்ஜின் படியில் ஏறி நின்றார். மெதுவக்கா வண்டியை எடுத்தாள். வெள்ளைக் கல் பக்கம் வந்தது. போன் திறந்தது.

மூச்சு கேட்டது. அவள் கை பிரேக்கை நோக்கிப் போய், ஸ்டோர் ஞாபகம் வந்து, பாதியில் நின்றது.

"நிறுத்து!"

அவள் நிறுத்தினாள். பின்னால் வேகன்கள் ஒன்றோடொன்று முட்டி அடங்கின. கீழ்யார்டு முழுவதும் அமைதியானது. படியில் நின்ற கண்டக்டர் போனை மார்போடு அணைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. கேட்டது இவளுக்கு மட்டும் இல்லை. எவ்வளவு நாளாக எதிர்பார்த்த குரல், ஆனால் தம்பியின் குரல் இல்லை அது. எழுத்துகளுக்கு நடுவில் காற்று விசிலடித்துக்கொண்டு போகும் குரல்.

சட்டம் பேசாதே என்றது. இன்ஜினை விட்டு இறங்காதே என்று இன்னொரு சட்டமும் இருந்தது. போன தடவை இரண்டையும் அவள் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். யாரைக் காப்பாற்றினாள்?

அவள் பிரேக்கைப் பூட்டிவிட்டு இறங்கினாள்.

"எங்கக்கா போறீங்க? யாருக்கா அது?" கண்டக்டர் ரகசியக் குரலில் கேட்டது பின்னால் தேய்ந்தது.

சரிவில் ஜல்லி வழுக்கியது. யாரும் பார்த்தால் நம்பியிருக்க மாட்டார்கள், மெதுவக்கா ஓடினாள். ஓடும்போது போனையே பார்த்துக்கொண்டு ஓடினாள். 'கீழ்'. வெள்ளைக் கல்லைத் தாண்டினாள். இன்னும் 'கீழ்'. கல் நட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினாள். தொட்டியின் ஈரச் சுவர் கைக்கு எட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். எழுத்து ஒரு கணம் அழிந்து, திரை வெறுமையாகி, 'மேல்' என்று வந்தது.

பட்டனை அழுத்தினாள். "நிறுத்து! தொட்டி லைன், நிறுத்து!"

பனிக்குள் எங்கோ மேலே இன்ஜின் பெருமூச்சு விட்டது. இரும்பு இழுபட்டு, முனகி, நின்றது. மாப்பிள்ளைக்கு இந்தத் தடவை கேட்டுவிட்டது.

தம்பி இரண்டு வேகனுக்கு நடுவில் நின்றிருந்தான். வேகனும் வேகனும் முட்டிக்கொள்ளும் வட்ட இரும்புத் தட்டுகள் அவன் நெஞ்சுக்கு இருபுறமும் இருந்தன. நடுவில் அவன் உடம்புக்கும் ஒரு கைக்கும் இடமிருந்தது. மேல்சட்டை கொக்கியில் சிக்கியிருந்தது. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. மெதுவக்கா உள்ளே குனிந்து சட்டையைப் பிடித்துக் கிழித்தாள். அவன் குழந்தையாக இருந்தபோது தூக்கியது போலவே அக்குளில் கைகொடுத்து இழுத்து வெளியே போட்டாள்.

இரண்டு பேரும் ஜல்லியிலேயே உட்கார்ந்தார்கள். அவனுக்குப் பல் அடித்துக்கொண்டது.

"நீயாடா கூப்பிட்டே?"

அவன் தலையாட்டினான், இல்லை என்று. விரலால் காட்டினான். வேகனுக்கு அடியில், தண்டவாளத்துக்கு நடுவில் அவன் போன் மல்லாக்கக் கிடந்தது. முதுகுப்பலகை ஒருபுறம், பேட்டரி ஒருபுறம்.

"குனியும்போதே விழுந்துருச்சுக்கா. எடுக்கலாம்னு கைய நீட்டினேன், சட்டை மாட்டிக்கிச்சு. வண்டி வந்துட்டே இருந்துச்சு. கத்தினேன், எனக்கே கேக்கலை."

மேல்யார்டு முழுவதும் சத்தமில்லாமல் இருந்தது. மாப்பிள்ளை மேலே எங்கோ கையை பிரேக்கில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவர் அழுகிறாரோ என்னவோ. நிறுத்தச் சொன்னவள் இவள். இவள் 'சரி' சொன்னால்தான் எதுவும் நகரும். அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. இப்படியே எல்லாம் நின்றுபோகட்டும் என்று இருந்தது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள், மணிக்கட்டில் நாடி ஓடுவதை விரலால் பார்த்துக்கொண்டே இருந்தாள். பனி கொஞ்சம் விலகித் தொட்டியின் தலை தெரிந்தது. பிறகுதான் பட்டனை அழுத்தி, "சரி" என்றாள்.

தம்பியை மேலே அனுப்பிவிட்டு அவள் சரிவில் இறங்கினாள். இப்போது பழைய மெதுவக்காவாக, ஒவ்வொரு அடியாக. போனில் எழுத்து 'கீழ்' என்று மாறியது. அவள் நின்று காதில் வைத்துக் கேட்டாள். மூச்சும் இல்லை, டிக் டிக்கும் இல்லை.

கண்டக்டர் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"தம்பிக்கு ஒண்ணும் இல்லையே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ஓடின ஓட்டமே சொல்லிச்சு. வேற யாருக்கு ஓடுவீங்க?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் வாயத் திறக்கலைக்கா. சட்டப்படி சும்மாதான் இருந்தேன். அப்புறம் அவரே 'சரி' சொல்லிட்டாரு. டிரைவர் இல்லாம வண்டி எங்க நகர்றது, அதான் உக்காந்துட்டேன்."

மெதுவக்கா ஏறப் போனவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தான் சொன்ன 'சரி' இங்கே கேட்டிருக்க முடியாது. தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது.

"யாரு சொன்னா?"

"நிறுத்துன்னு சொன்ன ஆளுதான். அதே குரல்." கண்டக்டர் லேசாகச் சிரித்தார். "ஆளு குறும்புக்காரரு போல. வெறும் சரின்னு சொல்லலை. 'சரி, பொழச்சுப் போங்க'ன்னாரு. பல்லு வழியா காத்து போற மாதிரி ஒரு பேச்சு. யாருக்கா அவரு? நான் பாத்ததே இல்லையே."

அவள் ஏறித் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். இத்தனை காலம் இதே இருக்கையில், இதே ஜன்னலுக்குப் பக்கத்தில், அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அது வந்தபோது இருக்கை காலியாக இருந்தது. அவள் எல்லைக்கு வெளியே இருந்தாள். இருந்திருந்தால் கேட்டிருப்பாள். இருந்திருந்தால் தம்பி இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. கண்டக்டர் பார்க்கிறார் என்பதற்காக அதை அடக்கவும் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"எதைக்கா?"

"அவரு சொன்னதை. சொன்ன மாதிரியே."

கண்டக்டர் குழம்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் வெண்கலக் குரலைத் தணித்து, முடிந்தவரை பல்லைக் கடித்துக் காற்றை விட்டு, "சரி, பொழச்சுப் போங்க" என்றார்.

மெதுவக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேக்கை விடுவித்தாள்.